குறைந்த செலவில் வீட்டுக் கணினி: பாகம் வாங்குவதிலிருந்து தமிழில் தட்டச்சு வரை

கணினி வாங்கப் போகிறேன் என்று யாரிடம் சொன்னாலும் அடுத்த கேள்வி “பிராசசர் ஐ5-ஆ, ஐ7-ஆ?” என்றுதான் வரும். வீட்டுக்கு சிஸ்டம் கட்டுபவர் கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி அது. வீட்டுக் கணினி பிராசசரால் படுத்துவிடுவது அபூர்வம். மட்டமான எஸ்எம்பிஎஸ் (பாகங்களுக்கு மின்சாரம் தரும் பெட்டி), பழைய ஹார்டு டிஸ்க், போதாத ராம் (வேலை நினைவகம்), கரண்ட் போய்ப் போய் வருவது, இவற்றால்தான் படுக்கிறது. ஆனால் பட்ஜெட் போடும்போது பணமெல்லாம் பிராசசருக்கும் கேபினெட்டில் மினுக்கும் விளக்குக்கும் போய்விடுகிறது. கண்ணுக்குத் தெரியாத பாகங்களுக்கு முதலில் பணத்தை ஒதுக்குங்கள். மிச்சத்தில் பிராசசரைப் பார்த்துக்கொள்ளலாம்.

இங்கே நான் எடுத்துக்கொள்வது தமிழ்நாட்டில் ஒரு சாதாரண வீடு. கல்லூரிப் பிள்ளைக்கு பைதானும் ஜாவாவும், ஒருவருக்கு எக்செல் கணக்கு, இன்னொருவருக்குத் தமிழில் எழுதும் வேலை, எல்லோருக்கும் யூடியூப், எப்போதாவது ஒரு கேம். விலை வாரத்துக்கு வாரம் மாறுவதால் ரூபாய்க் கணக்கைத் தவிர்த்திருக்கிறேன்.

முதலில் மென்பொருள் பட்டியல்

ஒரு தாளில் வீட்டில் யார் யார் என்னென்ன மென்பொருள் பயன்படுத்துவார்கள் என்று எழுதுங்கள். இந்தத் தாள்தான் பாதி முடிவுகளை எடுத்துத் தரும்.

டேலி, போட்டோஷாப், கோரல்டிரா, வரி வேலைக்கான டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் விண்டோஸ் போடுங்கள், வீண் வாதம் வேண்டாம். பிரவுசர், கோப்பு எழுதுவது, படம் பார்ப்பது, நிரல் எழுதப் பழகுவது என்று மட்டும் இருந்தால் இலவச ஓஎஸ்ஸான (இயங்குதளமான) லினக்ஸ் மின்ட் தாராளமாகப் போதும். விண்டோஸ் உரிமத்துக்குப் போகும் பணத்தில் ராமோ யுபிஎஸ்ஸோ வாங்கலாம்.

வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பிரிண்டரையும் அந்தத் தாளில் எழுதுங்கள். நம் ஊர் ஜெராக்ஸ் கடைகளில் எல்லாம் உட்கார்ந்திருக்கும் கேனன் எல்பிபி2900 லினக்ஸில் நிறையவே படுத்தும். எச்பி பிரிண்டர்கள் பெரும்பாலும் செருகியதும் வேலை செய்யும்.

புதிதா, அலுவலகத்தில் ஓடியதா

புதிதாகக் கட்டுவதுதான் எப்போதும் மலிவு என்று இல்லை. நிறுவனங்கள் கழித்துவிட்ட டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் வகைகள் சென்னை ரிச்சி தெருவில் வரிசையாகக் கிடைக்கின்றன. இவற்றில் பார்க்க வேண்டியது தலைமுறை. ஐ5-8500 என்றால் முதல் இலக்கமான 8 அதன் தலைமுறை. 2018-இல் வந்தது, 6 கோர் (ஒரே சமயத்தில் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்). விண்டோஸ் 11-ஐ அதிகாரபூர்வமாக ஏற்கும். ஐ5-6500 என்றால் 6-ஆம் தலைமுறை, அது ஏற்காது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால் 8-க்குக் கீழே உள்ள இன்டெல் இனி லினக்ஸுக்கு மட்டுமே சரி. இந்த வகை சிஸ்டங்களில் எஸ்எம்பிஎஸ்ஸும் மதர்போர்டும் அந்தந்த நிறுவனத்தின் தனி அளவில் இருக்கும் என்பதையும் மனதில் வையுங்கள். பின்னால் கிராபிக்ஸ் கார்டு போடும் ஆசை இருந்தால் இந்தப் பக்கம் போக வேண்டாம்.

விலகி ஓட வேண்டிய சரக்கு ஒன்று உண்டு. பளபளக்கும் புதுக் கேபினெட், நாலு கலர் விளக்கு, “ஐ5 சிஸ்டம், ஃபுல் செட்டு” என்று ஆச்சரியமான விலை. உள்ளே இருப்பது எச்61 என்ற பழைய மதர்போர்டும் 2012-இல் வந்த ஐ5-3470-உம். “என்ன ஜெனரேஷன் அண்ணே?” என்று கேட்டால், “அதெல்லாம் சூப்பரா ஓடும் சார்” என்று பதில் வரும். ஓடும்தான். ஆனால் அந்தக் காசு அதற்கு அதிகம்.

பாகங்கள்

புதிதாகக் கட்டுவது என்று முடிவாகிவிட்டதா? தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் தொடங்குங்கள். அப்படியென்றால் பிராசசரிலேயே கிராபிக்ஸ் இருக்க வேண்டும். என் தேர்வு ஏஎம்டி ரைசன் 5 5600ஜி. 6 கோர், 12 திரெட், 65 வாட், கூலரும் பெட்டியிலேயே வருகிறது. 2021-இல் வந்தது என்பதால் இளக்காரமாகப் பார்க்க வேண்டாம். மேலே சொன்ன வீட்டுக்கு இதுவே கொஞ்சம் அதிகம். இன்டெல் பக்கம் ஐ3-12100 நல்லது. 4 கோர், 8 திரெட். இதில் ஒரே ஓர் எழுத்தில் கவனம் தேவை: 12100எஃப் என்று இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. எஃப் வகை சில நூறோ ஆயிரமோ குறைவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவந்து, மானிட்டரில் ஒன்றும் வராமல் முழிப்பவர்கள் ஏராளம்.

மதர்போர்டில் 5600ஜி-க்கு ஏ520 அல்லது பி450 அல்லது பி550, ஐ3-12100-க்கு எச்610. எச்610-இல் டிடிஆர்4 போர்டும் உண்டு, டிடிஆர்5 போர்டும் உண்டு, ராம் ஒன்றுக்கொன்று பொருந்தாது. ஏஎம்டி போர்டு வாங்கும்போது, குறிப்பாகப் பழைய சரக்காக பி450 கொடுத்தால், “5600ஜி-க்கு பயாஸ் அப்டேட் பண்ணியிருக்கா?” என்று கேட்டுவிடுங்கள் (பயாஸ் என்பது போர்டிலேயே இருந்து கணினியை எழுப்பும் மென்பொருள்). பண்ணவில்லை என்றால் அங்கேயே பண்ணித் தரச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்தபிறகு திரை கருப்பாகவே இருந்தால், அதை அப்டேட் செய்ய வேறொரு பழைய பிராசசரைத் தேடி அலைய வேண்டியிருக்கும். பின்பக்கத்தில் என்னென்ன போர்ட் இருக்கிறது என்றும் பாருங்கள். வீட்டில் பழைய மானிட்டர் இருந்து அதில் விஜிஏ என்ற பழைய இணைப்பு மட்டும்தான் என்றால் போர்டிலும் விஜிஏ வேண்டும். மலிவு போர்டுகளில் வைஃபை இருக்காது. முடிந்தால் ரூட்டரிலிருந்து கேபிள் இழுத்துவிடுங்கள். லினக்ஸ் போடுபவர்களுக்கு மலிவு வைஃபை டாங்கிள் தீராத தலைவலி.

ராம் விஷயத்தில் காலம் சரியில்லை. 2025-இன் கடைசி மாதங்களிலிருந்து விலை தாறுமாறாக ஏறியது. ஏஐ சர்வர்களுக்கான நினைவகத்தில்தான் லாபம் என்று தயாரிப்பாளர்கள் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். மைக்ரான் நிறுவனம் தன் க்ரூஷியல் பிராண்டின் சில்லறை வியாபாரத்தையே மூடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. இருந்தாலும் இலக்கு 16 ஜிபிதான், அதுவும் ஒரே 16 ஆக இல்லாமல் இரண்டு 8 ஆக. பிராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸுக்குத் தனி நினைவகம் இல்லை, ராமைத்தான் பங்கு போட்டுக்கொள்கிறது. இரண்டு குச்சி போட்டால் இரண்டு பாதையில் தரவு போகும். கேமில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். இப்போது பணம் போதவில்லை என்றால் 8 ஜிபி ஒன்று மட்டும் போட்டு, அதே வேகத்தில் இன்னொன்றைப் பிறகு சேருங்கள். இரண்டு 4 ஜிபி போட்டு இரண்டு ஸ்லாட்டையும் அடைத்துவிட வேண்டாம். பயன்படுத்திய பாகங்களில் தைரியமாக வாங்கக்கூடியதும் ராம்தான். தேய்ந்துபோகும் பொருள் இல்லை அது, வாங்கிய அன்றே சோதித்தும் பார்த்துவிடலாம். எப்படி என்று கடைசியில் சொல்கிறேன்.

சேமிப்புக்கு 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி. எஸ்எஸ்டி என்பது சுழலும் தட்டு இல்லாத டிஸ்க், என்விஎம்இ அதில் வேகமான வகை. மதர்போர்டின் எம்.2 ஸ்லாட்டில் பொருந்தும் எல்லாமே என்விஎம்இ இல்லை. அதே வடிவத்தில் மெதுவான சாட்டா வகையும் விற்கிறார்கள். சாட்டா நொடிக்குச் சுமார் 550 எம்பி, சாதாரண என்விஎம்இ அதைப்போல் நாலைந்து மடங்கு. உண்மையைச் சொன்னால், விண்டோஸ் திறப்பதிலும் பிரவுசர் ஓடுவதிலும் அந்த இரண்டுக்கும் நடுவே பெரிய வித்தியாசம் தெரியாது. ஹார்டு டிஸ்கிலிருந்து எஸ்எஸ்டிக்கு மாறுவதுதான் பெரிய மாற்றம். போட்டோ, கல்யாண வீடியோ எல்லாம் வைக்க ஹார்டு டிஸ்க் தனியாக இருக்கட்டும், ஆனால் ஓஎஸ் எஸ்எஸ்டியில்தான். பயன்படுத்திய எஸ்எஸ்டி வேண்டாம்.

சரி, எஸ்எம்பிஎஸ். இங்கேதான் எல்லோரும் மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார்கள். கேபினெட்டோடு இலவசமாக வரும் பெட்டியில் “450 வாட்” என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருக்கும். அதை நம்பாமல் பக்கவாட்டு ஸ்டிக்கரைப் படியுங்கள். +12வி என்ற கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று இருக்கும். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் அந்த 12 வோல்ட்டிலிருந்துதான் இழுக்கின்றன. 14 ஆம்பியர் என்று இருந்தால் 12 பெருக்கல் 14, அதாவது 168 வாட்தான் பயனுக்கு வரும். 35 ஆம்பியர் என்று இருந்தால் 420 வாட். அதுதான் நிஜமான 450 வாட் பெட்டி. தெரிந்த பிராண்டில், மின்சாரத்தை அதிகம் வீணாக்காததற்கான 80 பிளஸ் பிரான்ஸ் முத்திரையோடு 450 வாட் வாங்குங்கள். நம்முடைய சிஸ்டம் அதில் பாதியைக்கூட இழுக்காது. மின்னழுத்தம் ஏறி இறங்கும்போது மதர்போர்டைக் காப்பாற்றுவதற்காகத்தான் இந்தச் செலவு. எஸ்எம்பிஎஸ்ஸைப் பழையதாக வாங்கவே கூடாது.

கேபினெட்டுக்கு முன்பக்கம் கண்ணாடி வேண்டாம், காற்றுப்போகும் வலை வேண்டும். மே மாத வெயிலில் மாடி அறையில் என்ன சூடு இருக்கும் என்று தெரியுமல்லவா? பின்பக்கம் கார்டு போடாத இடுக்குகளைத் தகட்டால் மூடிவிடுங்கள். பல்லி உள்ளே போய் எஸ்எம்பிஎஸ்ஸில் மாட்டிக்கொள்வது நம் ஊரில் நடக்கிற கதைதான்.

மானிட்டர் 22 அல்லது 24 அங்குலம், 1080பி, ஐபிஎஸ் வகைத் திரை. அவ்வளவுதான்.

யுபிஎஸ்ஸைக் “கூடுதல் பொருள்” என்று ஒதுக்காதீர்கள். 600 விஏ போதும். அதில் 360 வாட் வரும். கோப்பைச் சேமித்து அணைக்க அவகாசம் கிடைத்தால் சரி. உள்ளே இருப்பது 12 வோல்ட் 7 ஏஎச் லெட் ஆசிட் பேட்டரி. இரண்டு மூன்று வருடத்தில் மாற்ற வேண்டியிருக்கும். வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது என்பவர்கள் அதன் பின்னால் யுபிஎஸ் மோடு என்று ஒரு சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். சாதாரண மோடில் கரண்ட் மாறும் அந்த நொடியில் கணினி ரீஸ்டார்ட் ஆகிவிடலாம். எந்த யுபிஎஸ் வாங்கினாலும், பிளக் பாயின்ட்டில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று இருந்தால் எர்த் இல்லை என்று அர்த்தம்.

கிராபிக்ஸ் கார்டு பற்றி ஒரு வார்த்தை. கேம் ஆசை பிறகு வந்தால் பிறகு போடலாம். அப்போது ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி மலிவாகத் தெரியும். அது 4 லேனில் (தரவுப் பாதையில்) மட்டும் ஓடும் கார்டு. 5600ஜி-யோ, கார்டு செருகும் பிசிஐஇ இணைப்பில் 3.0-க்கு மேல் போகாது. இரண்டையும் சேர்த்தால் கார்டின் வேகம் பாதையிலேயே அடிபடும்.

கடையில்

நேரில் வாங்குபவர்கள் இரண்டு மூன்று கடையில் கொட்டேஷன் வாங்குங்கள். ரிச்சி தெருவிலும் பக்கத்து நரசிங்கபுரம் தெருவிலும் நாலு எட்டு வைத்தால் அடுத்த கடை. ஆன்லைன் விலையைப் போனில் திறந்து வைத்துக்கொண்டே பேசலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். சொல்லும் விலை 18% ஜிஎஸ்டி சேர்த்தா, சேர்க்காமலா என்று முதலிலேயே கேளுங்கள். பில் இல்லாமல் வாங்கினால் குறைத்துத் தருகிறேன் என்பார்கள். வேண்டாம். மூன்று வருட வாரண்டியைச் சில நூறு ரூபாய்க்கு விற்பது அது.

“சார், நீங்க கேட்ட மாடல் ஸ்டாக் இல்ல, இது அதைவிட நல்லா போகும்” என்று வேறொன்றை எடுத்து வைப்பார்கள். சில சமயம் நிஜமாகவே நல்லதாக இருக்கும். உடனே தலையாட்டாமல் ஒரு டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று வெளியே வந்து, அந்த மாடலைத் தேடிப் பார்த்துவிட்டுப் போங்கள். எல்லாம் முடிந்ததும், “அண்ணே, எல்லாத்துக்கும் சீரியல் நம்பர் பில்லுல போட்டுக் கொடுங்க” என்று கேட்டு வாங்குங்கள். வாரண்டிக்குப் போகும்போது அந்த எண்தான் பேசும்.

பொருத்துவது

கடையிலேயே அசெம்பிள் செய்து தருவார்கள். இருந்தாலும் நீங்களே ஒருமுறை செய்து பாருங்கள், ஒரு ஸ்டார் ஸ்குரூ டிரைவர் போதும்.

மதர்போர்டை அதன் அட்டைப்பெட்டி மேல் வைத்துத் தொடங்குங்கள். 5600ஜி-யின் அடியில் பின்கள் இருக்கும், ஒரு மூலையில் தங்க நிற முக்கோணம். சாக்கெட்டிலும் அதே முக்கோணம். லீவரைத் தூக்கி, இரண்டையும் பொருத்தி மெல்ல வைத்தால் தானாக இறங்கும். அழுத்தவே கூடாது. இன்டெலில் பின்கள் சாக்கெட்டில் இருக்கும். மேலே உள்ள பிளாஸ்டிக் மூடியை முன்கூட்டியே பிடுங்காதீர்கள், பிராசசரை வைத்து லீவரை மூடும்போது அது தானே தெறித்து வரும்.

ஏஎம்டி கூலர்தான் பலரையும் குழப்புவது. போர்டில் சாக்கெட்டுக்கு இருபுறமும் கருப்பு பிளாஸ்டிக் பட்டைகள் நாலு ஸ்குரூவில் நிற்கும். பெட்டியில் வரும் கூலருக்கு அவை தேவையில்லை, கழற்ற வேண்டும். கழற்றும்போது போர்டின் பின்பக்கத் தகடு கழன்று கீழே விழும். அதனால் ஒரு கையை அடியில் கொடுத்துப் பிடித்துக்கொண்டே கழற்றுங்கள். கூலரின் அடியில் பேஸ்ட் ஏற்கெனவே தடவியிருக்கும், விரல் படாமல் நேராக வைத்து, ஸ்பிரிங் ஸ்குரூ நாலையும் குறுக்குக் குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். என்றைக்காவது கழற்ற நேர்ந்தால் நேரே இழுக்காமல் லேசாகத் திருகிவிட்டு எடுங்கள்; இல்லையென்றால் பிராசசரும் ஒட்டிக்கொண்டு வந்துவிடும்.

ராம் இரண்டு ஸ்லாட் போர்டில் எங்கே போட்டாலும் சரி. நாலு ஸ்லாட் என்றால் பிராசசரிலிருந்து எண்ணி 2, 4. க்ளிக் சத்தம் கேட்கும்வரை அழுத்துங்கள், அதற்குக் கொஞ்சம் பலம் வேண்டும். எஸ்எஸ்டியைச் சாய்வாகச் செருகிப் படுக்கவைத்து ஸ்குரூ போட வேண்டும். கடுகளவு இருக்கும் அந்த ஸ்குரூ மதர்போர்டு பெட்டியில் எங்கேயாவது ஒரு பொட்டலத்தில் இருக்கும்.

கேபினெட்டில் இறக்கும் முன், போர்ட்டுகளைச் சுற்றி வரும் பின்தகட்டைக் கேபினெட்டில் மாட்டிவிட்டீர்களா, அடியில் பித்தளைக் கால்கள் போர்டின் துளைகளுக்கு நேராக இருக்கின்றனவா என்று பாருங்கள். பிராசசருக்கான 8 பின் வயரை முதலிலேயே மேல் மூலை வழியாக விட்டுவிட்டால் பிறகு கை நுழையாமல் திண்டாட வேண்டாம். முன்பக்கச் சின்ன வயர்களில் பவர் சுவிட்ச் என்ற ஒன்றை மட்டும் சரியாக மாட்டினாலே சிஸ்டம் எழும்.

எழுந்ததும் பயாஸுக்குள் போய் ராமின் வேகத்தைப் பாருங்கள். 3200 குச்சி 2400 அல்லது 2666 என்று காட்டினால் ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி என்ற அமைப்பை இயக்க வேண்டும்.

ஓஎஸ் போடுவது

விண்டோஸ் 11 என்றால் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே நிறுவும் கோப்பை இறக்குங்கள். கடைக்காரர் போட்டுக் கொடுக்கும் “கிராக்” விண்டோஸ் வேண்டாம்; வங்கிப் பரிவர்த்தனை செய்யும் கணினியில் யாரோ திறந்து மூடிய கதவு எதற்கு? உடனே உரிமம் வாங்க முடியாவிட்டால், ஆக்டிவேட் செய்யாமலேயே நிறுவிப் பார்க்கலாம். மூலையில் ஒரு வாசகம் நிற்கும், வால்பேப்பர் மாற்ற விடாது. உரிமம் வாங்கியதும் போய்விடும்.

லினக்ஸ் மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகள் வரும். 8 ஜிபி பென்டிரைவில் ரூஃபஸ் என்ற மென்பொருள் கொண்டு எழுதி, கணினி எழும்போது, எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பூட் மெனுவைத் திறங்கள்: கிகாபைட் போர்டில் எஃப்12, எம்எஸ்ஐ-யிலும் அஸ்ராக்கிலும் எஃப்11, அசூஸில் எஃப்8. நிறுவாமலேயே பென்டிரைவிலிருந்து ஓடும். அந்த நிலையிலேயே ஒலி, வைஃபை, பிரிண்டர் எல்லாம் வருகிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு நிறுவுங்கள். இரண்டு ஓஎஸ்ஸும் வேண்டுமென்றால் முதலில் விண்டோஸ், அப்புறம் மின்ட்.

அலுவலக வேலைக்கு லிப்ரே ஆஃபீஸ். எளிய வேர்டு, எக்செல் கோப்புகள் நன்றாகத் திறக்கும். மேக்ரோ நிறைந்த எக்செல் கோப்பு தகராறு செய்யும். வீடியோவுக்கு விஎல்சி, படத்துக்கு கிம்ப், வீடியோ வெட்டி ஒட்ட கேடன்லைவ். எல்லாம் இலவசம், விண்டோஸிலும் ஓடும்.

தமிழ்

விண்டோஸ் 11-இல் மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்தால் தமிழ்99, அஞ்சல் இரண்டு விசைப்பலகையும் உள்ளேயே இருக்கின்றன. விண்டோஸ் விசையும் ஸ்பேஸும் சேர்த்து அழுத்தினால் மொழி மாறும். மின்ட்டில் உள்ளீட்டு முறை அமைப்பைத் திறந்து ஐபஸ்ஸை நிறுவி, கூடவே ஐபஸ்-எம்17என் தொகுப்பையும் போடுங்கள். ஒருமுறை வெளியேறி உள்ளே வந்தால் பட்டியலில் தமிழ்99, ஃபொனட்டிக், டைப்ரைட்டர் எல்லாம் இருக்கும். டைப்ரைட்டிங் லோயர், ஹையர் முடித்த பழைய கைகளுக்குக் கடைசி வகை. புதிதாகப் பழகுபவர்களுக்கு 1999 சென்னைத் தமிழிணைய மாநாட்டுக்குப் பின் அரசு ஏற்ற தமிழ்99-ஐச் சொல்வேன். “அம்மா” என்று அடிக்க அ, ம, ம, ஆ என நான்கே தட்டு. முதல் ம-வுக்குப் புள்ளி தானே வந்துவிடும்.

டிடிபி கடையிலிருந்து வந்த பழைய கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியலாம். கோப்பு கெட்டுப்போகவில்லை. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது அது. என்எச்எம் கன்வெர்ட்டரில் போட்டு யூனிகோடாக மாற்றிக்கொள்ளலாம். அச்சடித்த தமிழ்ப் பக்கத்தை எழுத்தாக்க டெசராக்ட் என்ற மென்பொருள் இருக்கிறது. தெளிவான அச்சு என்றால் நன்றாகவே வரும்.

முதல் வாரம்

கடைக்காரர் மாற்றித் தரும் அவகாசம் முடிவதற்குள் மூன்று சோதனை. ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐப் பென்டிரைவில் எழுதி ஓர் இரவு ஓடவிடுங்கள்; ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ராமைத் திருப்பிக் கொடுங்கள். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருளில் எஸ்எஸ்டி எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று பாருங்கள். புதிது என்று விற்றதில் ஆயிரக்கணக்கான மணி காட்டினால் விஷயம் புரிந்துவிடும். 1 டிபி டிரைவ் 931 ஜிபி என்று காட்டுவது மட்டும் ஏமாற்று வேலை இல்லை, எண்ணும் முறை அப்படி. மூன்றாவதாக, ஏதாவது வேலை ஓடிக்கொண்டிருக்கும்போது யுபிஎஸ்ஸின் சுவர் சுவிட்சை அணையுங்கள். சிஸ்டம் அணையாமல் அப்படியே ஓடினால் சரி. ரீஸ்டார்ட் ஆனால் யுபிஎஸ்ஸை எடுத்துக்கொண்டு பில்லோடு அன்றே கடைக்குப் போங்கள்.